யோர்தான் துணி

பெட்டிக்குள் அந்தத் துணி இல்லை என்று பூரணத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பின்னால் கட்டிலில் கிடந்த கணவர் இராசரத்தினத்தின் கண்கள் தன் முதுகிலேயே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பெட்டியில் இருந்ததோ ஒரு பழைய வேதாகமம், இரண்டு பாட்டுப் புத்தகங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து மகள் போருக்கு முன்பு அனுப்பிய ஒரு புகைப்படம். இவ்வளவையும் எத்தனை நேரம்தான் துழாவ முடியும்?

"என்ன பூரணம், கிடைக்கேல்லையோ?"

"பூச்சி பிடிச்சிடும் எண்டு வெயிலிலை போட்டனான். இப்பதான் நினைவு வருது," என்றாள் திரும்பாமலே.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தலையை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே வாசல் கம்பத்தில், காலை வெயிலில் ஜப்பான் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாக் காயட்டும்," என்றார். "மழை வர முந்தி எடுத்துப்போடும்."

விட்டு விட்டு வந்துகொண்டிருந்த மலேரியாக் காய்ச்சல் இப்போது விடாமலே நின்றுவிட்டது. அதற்கான கொயினா மாத்திரை பக்கத்து ஊரான லுக்குட் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மரவள்ளிக் கஞ்சியும் இப்போது உள்ளே இறங்குவதில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று பூரணத்துக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்ததால்தான் துணியைக் கேட்டார்.

அந்தத் துணியின் கதையை அறியாதவர்கள், அவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தில் யாரும் கிடையாது. போருக்குச் சில வருஷங்கள் முன்பு நீண்ட விடுப்பில் யாழ்ப்பாணம் போன இராசரத்தினம், அங்கே வீட்டோடு இருக்காமல், கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு கப்பலேறி எருசலேமுக்குப் போய்விட்டார். பூரணம் மகளின் பேறுகாலத்துக்காக ஊரிலேயே தங்கவேண்டியதாயிற்று. திரும்பி வந்த பிறகு அவர் வாயில் அகப்படாதவர் இல்லை. பெத்லகேம் கோயில் வாசல் எவ்வளவு தாழ்ந்தது, குனிய மறந்த ஒரு பெரிய மனிதர் எப்படி நெற்றியில் இடி வாங்கினார், கெத்செமனே தோட்டத்து ஒலிவ மரங்கள் எப்படி முறுக்கிக்கொண்டு நின்றன என்றெல்லாம், விடியற்காலையில் பெயர் கொடுக்க வந்து நிற்கும் பால்மரத் தொழிலாளிகளுக்குக்கூடச் சொன்னார். வேலை நேரம் கழிகிறதே என்று அவர்களும் சந்தோஷமாகக் கேட்டார்கள். தங்கள் வாயில் வந்தபடி செருசலேம் கிராணி என்று பெயரும் வைத்தார்கள். யோர்தான் நதியைக் காவிரி போல நினைத்துக்கொண்டிருந்த, ஆட்களை வேலை வாங்கும் மாயாண்டி மண்டோர், அது நம் லுக்குட் ஆற்றளவுகூட இல்லை என்று கேட்டதும் மனம் விட்டுப்போனான்.

அந்தச் சின்ன ஆற்றங்கரையில்தான் வேறு தேசத்துக் கிழவிகள் சிலர் நீண்ட வெள்ளைத் துணியைப் போர்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவதை அவர் பார்த்தார். கரையேறி அதை உலர்த்தி ஊருக்குக் கொண்டுபோவார்களாம். செத்தால் அதிலேயே சுற்றிப் புதைக்கச் சொல்வார்களாம். நம் சபையில் இப்படி ஒரு வழக்கமே கிடையாதே என்று சிரம்பான் போதகர் பிற்பாடு முகத்தைச் சுளித்தார். இராசரத்தினம் அசையவில்லை. அவரும் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு துணி வாங்கி, உடம்பில் சுற்றிக்கொண்டு முங்கியெழுந்து, கரையிலிருந்த முட்செடிமேல் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். இதை ஒருநாளும் தண்ணீரில் போடக்கூடாது, இதற்குள் யோர்தான் இருக்கிறது என்று பூரணத்திடம் சொன்னார். தன்னை இதில்தான் புதைக்கவேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாக்கைத்தான் பூரணம் இரண்டு வருஷமாக வாசல் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

வெள்ளைக்காரத் துரை காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய மறுநாள், தோட்டமே காட்டோரம் போய் ஒளிந்துகொண்டது. திரும்பி வந்து பார்த்தால் கிராணி வீட்டில் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமில்லை. வேட்டி, சேலை, படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் போய்விட்டன. புத்தகம் யாருக்கு வேண்டும் என்று அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் அடியில் துணி பத்திரமாக இருந்தது. அதைக் கண்டு பூரணம் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லி வாயை மூடவில்லை, மாயாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தான். ஜப்பான்காரன் லுக்குட் வந்துவிட்டான், கொடி இல்லாத வீட்டில் ஆளைச் சும்மா விடமாட்டானாம், அதிலும் ஆபீசை ஒட்டிய வீடு என்றான். இராசரத்தினம் அப்போது தொழிலாளர் லயத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தார். கேட்கவும் ஆளில்லை, நேரமும் இல்லை. மாயாண்டி தன் பெண்டாட்டியின் சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தான்.

கத்தரியை எடுத்தவளுக்கு வெட்ட மனம் வரவில்லை. துணியை நான்காக மடித்து ஓரம் தைத்தாள். மேலே சிவப்பு வட்டத்தை ஒட்டித் தைத்தாள். ஆபத்து நீங்கியதும் பிரித்துப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று எண்ணினாள். ஆனால் ஜப்பான்காரன் போகிற வழியாக இல்லை. வேறு துணியும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு திரியும் காலம் வந்துவிட்டது.

லயத்து வீடுகளின் கொடிகள் கொஞ்சம் காற்றடித்தாலே ஆடும். கிராணி வீட்டுக் கொடி மட்டும் ஈரப் போர்வையாட்டம் கனத்துத் தொங்கும். "எங்கட கொடிக்கு மட்டும் ஏன் பறக்கத் தெரியேல்லை?" என்று இராசரத்தினம் ஒருநாள் கேட்டபோது அவள் அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு வானம் இருண்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் ஓடிவந்து முதலில் கொடியை இறக்கி உள்ளே எடுப்பார். கயிற்றில் காயும் தன் சட்டையைப் பற்றிக்கூடக் கவலைப்படமாட்டார். கிராணிக்கு ஜப்பான்காரனிடம் இத்தனை பயமா என்று தோட்டத்தில் சிரித்தார்கள். பூரணமும் அப்படித்தான் நினைத்தாள். சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று, வெள்ளைக்காரத் துரையின் இடத்துக்கு வந்த ஜப்பான் தொரை ஒருமுறை அவரை அறைந்தபோது, "பெத்லகேம் வாசலிலை குனிஞ்ச முதுகுதானே, இன்னும் கொஞ்சம் குனிஞ்சால் குறையாது," என்று வீட்டுக்கு வந்து சொன்ன மனிதர். பயம் இருக்கத்தானே செய்யும்.

ஜன்னல் பக்கம் திரும்பிய தலையை அவர் மறுபடி திருப்பவில்லை. பூரணம் கரண்டியில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டாள். அது உள்ளே போகாமல் கன்னத்தோரம் வழிந்தது. இன்னொரு கரண்டி விட்டாள். அதுவும் வழிந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கண்களை மூடினாள். வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. அதற்குள் வாசலில் மாயாண்டியின் குரல் கேட்டது.

அன்று ஜப்பான் ராஜாவின் பிறந்தநாள். எல்லாரும் திடலில் கூடிக் கிழக்கே பார்த்துக் குனியவேண்டும், தொரை வீடு வீடாகக் கொடி பார்க்க வருவான் என்று சொல்லத்தான் மாயாண்டி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

நடக்கவேண்டியதை அவனே சொன்னான். இந்த வெயிலில் உடலை அதிக நேரம் வைக்க முடியாது. சிரம்பானிலிருந்து போதகர் வர ஜப்பான்காரனின் பயண பாஸ் கிடைக்காது. ரப்பர் அடைக்கும் பெட்டிப் பலகையில் ஒரு சவப்பெட்டி அடித்துவிடலாம். லயத்து முருகையாவைக் கூட்டிவந்து குளிப்பாட்டிவிடலாம். சுற்றிப் புதைக்கத்தான் முழுத் துணி ஒன்றுமில்லை என்று சொல்லி, நல்ல சாக்காக ஒன்று பார்க்கிறேன் என்றான்.

"சாக்கு வேண்டாம். துணி இருக்கு," என்றாள் பூரணம். கொடியைக் காட்டினாள்.

மாயாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அது அந்தத் துணியாம்மா? நாந்தானே அன்னிக்கு அவசரப்படுத்துனேன்."

"நீர் என்ன செய்வீர்? தைச்சது நான்."

"வேணாம்லா, கிராணியம்மா. கொடிய எறக்குனா தலை போயிரும். இப்ப எல்லாரையும் சாக்குலதான் அனுப்புறோம். என் மச்சான அப்படித்தான் பொதச்சோம். சாமி ஒண்ணும் கோச்சுக்கல."

"சாமி கோவிக்கும் எண்டு எனக்குப் பயமில்லை, மாயாண்டி. நான் இவருக்கு வாக்குச் சொல்லிப்போட்டன்."

அவன் தலைத்துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டான். பிறகு, தொரை திடலில் வேலையை முடித்துக்கொண்டு போர்ட்டிக்சன் பட்டணத்து விழாவுக்குப் போவான், இருட்டித்தான் திரும்புவான், அவன் கார் போகட்டும் என்றான். நாளைக்குக் கேட்டால் துவைக்க எடுத்ததாகத் தான் சொல்லிக்கொள்வதாகவும், அடி விழுந்தால் தனக்கு விழட்டும் என்றும் பூரணம் சொன்னாள்.

தொரை வந்தான். வாசலில் நின்று கொடியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். பத்தடிக்கு உள்ளே பிணம் கிடப்பது அவனுக்குத் தெரியாது. பூரணம் கதவோரம் நின்று குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. திடலிலிருந்து ராஜாவை வாழ்த்தி மும்முறை கூச்சல் எழுந்து அடங்கியது. அதன் பிறகு காரின் சத்தம் கித்தா என்கிற ரப்பர்க் காட்டுப் பாதையில் தேய்ந்து மறைந்தது.

மாயாண்டி பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கம்பத்தில் முடிச்சை அவிழ்த்தான். பூரணம் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அறையின் மறுபக்கம் முருகையா அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து, அவருடைய சவரக் கத்தியால் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

சிவப்பு வட்டம் எளிதில் வந்துவிட்டது. அதன் கீழே பார்த்தவள் துணியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மலிவுச் சேலையின் சாயம், அவர் ஓடிவந்து எடுக்கத் தொடங்கும் முன்பு பெய்த மழைகளில் கரைந்து ஊறியிருந்தது. மடிப்பை விரிக்க விரிக்க, வட்டம் வட்டமாக நான்கு கறைகள். முதலாவது நல்ல சிவப்பு. அடுத்தடுத்தவை வெளிறிக்கொண்டே போயின. சோப்பு இல்லை. சாம்பல் போட்டுக் கசக்கலாம், ஆனால் நேரம் இல்லை. யோர்தானில் ஒரு முறை முங்கிய துணியை லுக்குட் மழை எத்தனை முறை அலசியிருக்கும்? உள்ளே இனி எந்த யோர்தான் இருக்கப்போகிறது? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கடைசி ஓரத்தைப் பிரிக்கும்போது கத்தி நின்றது. அந்த மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் வேறாக இருந்தது. அவள் தைத்தது வெள்ளை நூல், நெருக்கமான தையல். இது கறுப்பு நூல். ஒவ்வொரு தையலும் அரை விரல் நீளம், கோணல் மாணலாக. பொத்தான் அறுந்தால் தானே தைத்துக்கொள்கிறேன் என்று வீம்பு பிடித்து, சட்டையைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கும் மனிதரின் தையல். அவளுக்குத் தெரியாத தையலா?

ஓரம் பிரிந்திருக்கிறது. அவர் பார்த்திருக்கிறார். உள்ளே மடிந்து கிடப்பது என்ன என்று தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்குத் தெரியாமல் தைத்து மறுபடி கட்டிவிட்டார். வானம் இருண்டபோதெல்லாம் ஓடி வந்தாரே, ஊரே சிரித்ததே. இன்று காலையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மழை வர முந்தி எடுத்துப்போடும் என்று சொன்னாரே.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். நான்கைந்து கறுப்புத் தையல்களை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டாள்.

ஆழமான கறை முதுகுப் பக்கம் போகும்படி சுற்றவேண்டும் என்று சொல்ல நினைத்திருந்தாள். துணியைக் கொடுத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் மாயாண்டியும் முருகையாவும் உடலைத் துணியில் சுற்றிச் சவப்பெட்டியில் கிடத்திவிட்டிருந்தார்கள். அவர் மார்பின் நடுவே சிவப்பு வட்டம் பளிச்சென்று இருந்தது. உடல் விறைத்துவிட்டது, இனிமேல் புரட்டினால் மரியாதையாக இராது என்றான் முருகையா. பூரணம் வேதாகமத்தை எடுத்து வந்து அதன்மேல் வைத்தாள். புத்தகம் போதவில்லை. நான்கு பக்கமும் சிவப்பு பிதுங்கியது.

ஜெபம் சொல்லத் தொடங்கியபோது கார்ச் சத்தம் கேட்டது.

முருகையா பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டான். மாயாண்டி போகவில்லை. கிராணி செத்துப்போனதை ஆபீசில் யாரோ சொல்லி, பாதி வழிக்கு ஆள் போய், தொரை திரும்பிவிட்டான். தோட்டக் கணக்கு முழுக்க ஒரு மனிதனின் தலையில் இருந்தது. தொரைக்கு அது பெரிய நஷ்டம்தான்.

தொரை வாசலில் கொஞ்சம் நின்றான். வெறும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். உள்ளே வந்தான். பூட்ஸ் சத்தம் பலகைத் தரையில் ஒவ்வொன்றாகக் கேட்டது. இருவரும் இடுப்பு மடியக் குனிந்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. சவப்பெட்டியின் அருகில் போய், சிறிது நேரம் நின்று, குனிந்து வேதாகமத்தைக் கையில் எடுத்தான்.

பூரணம் இன்னும் குனிந்தபடியே இருந்தாள். கர்த்தரே, இவரை மண்ணுக்குள் வைத்த பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இவரைப் பிரித்துப் போட்டுவிடக்கூடாது, அது ஒன்றுதான்.

அவன் அந்தச் சிவப்பைப் பார்த்தான். வெறும் கம்பத்தைப் பார்த்த அதே கண்களால் பூரணத்தைப் பார்த்தான். அரைகுறை மலாயில், இது என்ன என்று கேட்டான்.

பூரணம் தலையை நிமிர்த்தினாள். இந்தத் துணியில்தான் தன்னைப் புதைக்கவேண்டும் என்று என் கணவர் கேட்டுக்கொண்டார், நான் வாக்குக் கொடுத்திருந்தேன் என்று மலாயில் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. இருந்த உண்மையைத்தான் சொன்னாள்.

தொரை புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காமல், பூரணத்தின் கையில் கொடுத்தான். தொப்பியைக் கழற்றினான். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பெத்லகேம் வாசலுக்குள் நுழையக்கூடிய அளவுக்கு, தாழக் குனிந்தான். தான் அறைந்த மனிதனின் முன்னால் அப்படியே வெகுநேரம் நின்றான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்ததாக மாயாண்டி பிறகு சத்தியம் செய்தான். பூரணம் அதைக் கவனிக்கவில்லை. அவன் அங்கே தன் நாட்டுக் கொடியைத்தான் வணங்குகிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. உயிர் தப்பியதே என்ற நிம்மதி வரவேண்டிய இடத்தில், வாயில் கசப்புத்தான் வந்தது. யோர்தானில் நனைந்த துணிக்கு இந்த வணக்கமா என்று கத்தவேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தொரை போனதும் மாயாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "கிராணி தப்பிக்க வச்சிட்டாரும்மா," என்றான்.

ரப்பர் புகைக்கொட்டகைக்குப் பின்னால், கித்தா மரங்கள் முடியும் மேட்டில் புதைத்தார்கள். முருகையா எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டு மண் தள்ளினான். ஜெபத்தைப் பூரணமே சொன்னாள். மூடுவதற்கு முன்பு துணியின் மூலையைத் தேடிப் பிடித்து, அந்தக் கறுப்புத் தையல் அவர் கைக்குக் கீழே வரும்படி செருகிவைத்தாள்.

மறுநாள் காலையில் ஆபீசிலிருந்து புதுக் கொடி ஒன்று வந்தது. தொரையே கொடுத்தனுப்பியதாம். கிராணி வீட்டுக் கம்பம் வெறுமையாக இருக்கக்கூடாது என்றானாம். கடையில் வாங்கிய மெல்லிய துணி. மாயாண்டி அதைக் கம்பத்தில் கட்டினான். ஒரு சின்னக் காற்று வந்தது, அது உடனே படபடத்துப் பறந்தது.

பூரணம் வாசல்படியில் உட்கார்ந்து அது பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் போர்ட்டிக்சன் பக்கம் வானம் கறுத்து வந்தது. முதல் தூறல் விழுந்ததும் அவள் எழுந்து போய், கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய சட்டையையும் தன் சேலையையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கம்பத்தின் பக்கம் போகவில்லை.